கைபேசிக்குள் இருக்கும் நீலகிரி

2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரி மாவட்டத்தின் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை பதிவானது. மறுநாள் காலை அளந்தபோது இன்னொரு 91 செ.மீ. அதற்குப் பத்து வருடம் முன்னால், 2009 நவம்பர் 10ஆம் தேதி, அதே மாவட்டத்துக் கேத்தியிலும் ஒரே நாள் கணக்கில் 82 செ.மீ. பதிவாகியிருக்கிறது. அவலாஞ்சி தென்மேற்குப் பருவமழையை நேராக முகத்தில் வாங்குகிற இடம். கேத்தி அந்தப் பருவக்காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிற இடம். அங்கே கொட்டியது வடகிழக்குப் பருவமழை. அந்த மழையின்போது மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் தூரம் சுமார் 20 கி.மீ. தான். பருவம் வேறு, காற்றின் திசை வேறு, ஆபத்து வருகிற சரிவும் வேறு.

இப்படிப்பட்ட மலையில் இருக்கும் நாம் காலையில் கைபேசியைத் திறந்தால், 'உதகமண்டலம், 17 டிகிரி, மழைக்கு 60 சதவீத வாய்ப்பு' என்று ஒரு மேகப் படத்தோடு ஒரே ஒரு வரி வருகிறது. கேரட் அறுவடைக்கு ஆள் சொல்வதா, மருந்தடிப்பதைத் தள்ளிப் போடுவதா, கூடலூருக்கு வண்டி எடுக்கலாமா, எல்லாவற்றுக்கும் அதைத்தான் பார்க்கிறோம். சில நாள் சொன்னபடி நடக்கிறது. பல நாள் நடப்பதில்லை. 'இந்த ஆப் எல்லாம் சும்மா' என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டுமே இந்த மலையில் ஆபத்தில் கொண்டுபோய் விடும் என்று நான் நினைக்கிறேன். அந்த ஒற்றை வரி எங்கிருந்து வருகிறது, அதை உருவாக்கும் விஞ்ஞானிகளே அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எதற்கு அதை நம்பலாம், எதற்குக் கூடாது என்பது பிடிபடும்.

அந்த 17 டிகிரியை ஊட்டியில் யாரும் அளந்து அனுப்பவில்லை. பெரும்பாலும் அது ஒரு மெய்நிகர் பூமியில் கணக்கிட்ட வெப்பநிலை. கடல், காற்று, மண், மேகம் எல்லாவற்றையும் எண்களாக மாற்றி, இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கம்ப்யூட்டருக்குள் ஓடவிடும் பூமி அது. விளையாட்டுக்காகக் கட்டிய மெய்நிகர் உலகங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது வந்துவிட்டது. கட்டியவர்களில் பெரும்பாலானோர் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள்.

முதலில் முயன்றவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டிஷ்காரர். அந்த நாட்டு அரசு வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். போரை ஏற்காதவர், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்து காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இருந்த காலத்தில், ஓய்வு நேரத்தில் காகிதத்திலேயே ஆறு மணி நேர வானிலையைக் கணக்குப் போட்டார். விடை படுமோசமாகத் தப்பியது. காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது; உண்மையில் அன்று அது அசையவே இல்லை. அப்படியும் 1922இல் தன் முறையைத் தோல்வியோடு சேர்த்தே அச்சில் வெளியிட்டார். 64,000 பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வானிலையோடு ஓடி ஈடுகொடுக்கலாம் என்று கற்பனை செய்தார். 1950இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்தது. 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது.

அடுத்து வருகிறவர்தான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமானவர். சியுகுரோ மனாபே, ஜப்பானில் பிறந்தவர், 1958இல் அமெரிக்க அரசின் வானிலைத் துறையில் சேர்ந்தார். 1967இல் ரிச்சர்ட் வெதரால்டோடு சேர்ந்து வளிமண்டலத்தை ஒரே ஒரு செங்குத்தான தூணாக வைத்துக் கணக்குப் போட்டார். அதில் நாடு இல்லை, மலை இல்லை, பருவமழை இல்லை. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் தரை 2.3 டிகிரி சூடாகும் என்று விடை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: கீழே காற்று சூடாகும்போது, மிக உயரத்தில் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் குளிரும். சூரியன் கூடுதலாகக் காய்ந்துதான் பூமி சூடாகிறது என்றால் மேலேயும் சூடாகியிருக்க வேண்டும். பிற்பாடு பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்து காட்டியது மனாபே சொன்ன மாதிரியேதான் இருந்தது. 2021இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

மனாபேயின் பார்வையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பூமியை அச்சு அசலாக நகலெடுக்க அவர் ஆசைப்படவில்லை. தன் கம்ப்யூட்டர் மாதிரியை முடிந்த அளவு எளிமையாக வைத்துக்கொண்டு, ஒன்றை மாற்றினால் மற்றது என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆய்வுக்கூடமாக அதைப் பயன்படுத்தினார். நிஜப் பூமி ஒன்றுதான் இருக்கிறது, அதை வைத்துச் சோதனை செய்ய முடியாது. அதனால்தான் அவருக்கு மெய்நிகர் பூமி தேவைப்பட்டது. கேட்ட கேள்விக்கு அது விடை சொன்னது. எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் மழை வரும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

நாமோ இன்று அதைத்தான் கேட்கிறோம். சரி, இன்றைய மெய்நிகர் பூமியில் நீலகிரி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

கம்ப்யூட்டருக்குள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம், ஒரே வெப்பநிலை, ஒரே மழை. நீலகிரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,565 சதுர கி.மீ. நூறு வருடத்துக்குக் கணக்குப் போடும் பருவநிலை மாதிரிகளில் ஒரு கட்டம் பொதுவாக 100 கி.மீ. அகலம், அதாவது 10,000 சதுர கி.மீ. நம் மாவட்டம் அதில் கால் பங்குதான். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கைக்கான உலக ஒப்பீட்டில் முதன்முதலாகக் கலந்துகொண்ட இந்திய மாதிரி, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துடையது. அதில் கட்டம் சுமார் 200 கி.மீ. பருவமழை மொத்தமாக எப்படி மாறும் என்று பார்க்க அது போதும். ஆனால் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும், அடிவாரத்து மேட்டுப்பாளையமும், பாலக்காட்டுக் கணவாயும் அதில் ஒரே சராசரி உயரமாகக் கரைந்துவிடுகின்றன. நாலு பேர் சம்பளத்தைக் கூட்டி நாலால் வகுத்தால் வருகிற தொகையை அந்த நாலு பேரில் ஒருவரும் வாங்குவதில்லை. அதே மாதிரி அந்தச் சராசரி உயரத்திலும் நம்மில் யாரும் குடியிருக்கவில்லை.

பத்து நாள் முன்கணிப்பு தரும் மாதிரிகள் இதைவிட நுணுக்கமானவை. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையத்தின் மாதிரியில் கட்டம் 9 கி.மீ. நம் நாட்டில் 12 கி.மீ. ஆக இருந்ததை 6 கி.மீ. ஆகக் குறைத்து, 2025 மே மாதம் பாரத் முன்கணிப்பு அமைப்பு என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். புனேயில் 'அர்க்கா' என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் அது ஓடுகிறது. 12 கி.மீ. என்றால் நீலகிரிக்கு ஏறத்தாழ 18 கட்டம். 6 கி.மீ. என்றால் சுமார் 70. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. அப்படியும் ஒரு கட்டம் 36 சதுர கி.மீ.; கேத்திப் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றி நிற்கும் மேடுகளையும் அதற்குள் தனித்தனியாகக் காட்ட முடியாது.

உயரம் கரைந்தால் மழையும் இடம் மாறும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் மோதிச் சட்டென்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. அவலாஞ்சி, மேல்பவானி, தேவாலா எல்லாம் அப்படி நனைகிற இடங்கள். மெய்நிகர் நீலகிரியில் அந்தச் செங்குத்து மழுங்கி, சாய்தளம் போல ஆகிவிடுகிறது. காற்று மெதுவாக ஏறுகிறது. அதனால் மேற்கில் பெய்ய வேண்டிய மழை கணக்கில் குறையும், மழை மறைவுப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்ச்சேரும். ஆகஸ்டில் கோத்தகிரிக்காரருக்கு வராத மழையைக் கைபேசி காட்டுவதற்கும், அவலாஞ்சிப் பக்கம் வந்த மழையில் பாதியைக்கூடச் சொல்லாமல் விடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த 60 சதவீதத்துக்கு வருவோம். காற்றின் இன்றைய நிலை யாருக்கும் முழுக்கத் தெரியாது. அதனால் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே நேரத்தில் பல பூமிகளை ஓடவிடுகிறார்கள். ஐரோப்பிய மையம் இப்படி 50 பூமிகளை ஓட்டுகிறது. 30 பூமியில் மழை, 20இல் இல்லை என்றால் 60 சதவீதம். நாளில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றோ, ஊரில் 60 சதவீத இடத்தில் பெய்யும் என்றோ அதற்கு அர்த்தமில்லை. எல்லாப் பூமியிலும் ஒரே மாதிரி மலை மழுங்கியிருந்தால், ஐம்பதும் சேர்ந்து ஒரே பக்கம் தப்பவும் செய்யும்.

உறைபனியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகிறது. காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல் வெள்ளையாகக் கிடக்கும். நிறுத்திவைத்த வண்டியின் சீட்டில் பனியைச் சுரண்டி எடுக்கலாம். கைபேசி 5 டிகிரி என்று காட்டும். கைபேசி காட்டுவது தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பம். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, அந்தக் காற்றைவிடப் பல டிகிரி கீழே போய்விடும். இதோடு போகவில்லை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அன்று இரவு பள்ளத்தாக்கின் அடி, அதற்கு மேலே இருக்கும் சரிவைவிடக் குளிராக இருக்கும். ஆனால் பல செயலிகள் கட்டத்தின் வெப்பத்தை ஓர் ஊரின் உயரத்துக்கு மாற்றும்போது, ஒரு கி.மீ. ஏறினால் 6.5 டிகிரி குறையும் என்ற பொது விதியைத்தான் போடுகின்றன. உயரே போனால் குளிர், கீழே வந்தால் கதகதப்பு என்பது அந்த விதி. உறைபனி இரவில் பள்ளத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். பிஞ்சுத் தேயிலைச் செடிகளைத் தழை போட்டு மூடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய அதே இரவில் கைபேசி தவறான பக்கம் திருத்தம் செய்கிறது. தோட்டக்காரர்கள் சாயங்காலம் வானத்தைப் பார்த்து, காற்று அடங்கிவிட்டதா என்று பார்த்து எடுக்கும் முடிவு இந்த விஷயத்தில் மேல்.

இப்போது, கண்ணுக்குத் தெரியும்படி கட்டிய மெய்நிகர் உலகங்கள். அரசு விஞ்ஞானிகள் இவற்றையும் விட்டுவைக்கவில்லை. 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில், அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா ஒரு தீவையே வைத்திருந்தது. மீட்டியோரா என்று பெயர். உள்ளே போகிறவர் ஆய்வு விமானத்தின் இறக்கையில் ஏறிப் புயலுக்குள் பறக்கலாம், வானிலை பலூனோடு மேலே போகலாம். மக்கள் கூடுகிற இடத்துக்கு அறிவியலைக் கொண்டுபோக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தீவில் வீசிய புயல் வரைந்து வைத்த புயல். மனாபேயின் தூணில் பார்க்க ஒன்றுமே கிடையாது, ஆனால் அதற்குள் இயற்பியல் இருந்தது.

இந்த வித்தியாசம் இப்போது மங்கி வருகிறது, எனக்குக் கவலை தருவது அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் பூமிக்கு 'டிஜிட்டல் இரட்டை' என்ற கம்ப்யூட்டர் நகல் ஒன்றை உருவாக்குகிறது. அதன் முதல் வடிவம் 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது. உண்மையான இயற்பியலை வைத்துக் கட்டுவது, நல்ல முயற்சி. இன்னொரு பக்கம் செயற்கை நுண்ணறிவு. 2023இல் கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட், பத்து நாள் முன்கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் கொடுத்து எல்லோரையும் வியக்க வைத்தது. ஆனால் அது பாடம் படித்தது, ஐரோப்பிய மையம் தொகுத்த கடந்தகால வானிலைப் பதிவிலிருந்து. அந்தப் பதிவில் ஒரு கட்டம் சுமார் 30 கி.மீ. அதாவது முழு நீலகிரிக்கும் மூன்று கட்டம். அவலாஞ்சியையும் கேத்தியையும் பிரித்துப் பார்க்காத புத்தகத்தைப் படித்த மாணவருக்கு, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்த இரண்டு ஊரின் வித்தியாசம் தெரிய வழியில்லை. இந்த முன்கணிப்பை எடுத்து, மலையின் முப்பரிமாணப் படத்தின் மேல் வழவழவென்று வண்ணம் பூசிக் காட்டினால், நம் தெருவுக்கே கணக்குப் போட்ட மாதிரி தெரியும். படத்தின் நுணுக்கம் வேறு, கணக்கின் நுணுக்கம் வேறு. கைபேசித் திரை முதலாவதை மட்டும்தான் காட்டுகிறது.

இதற்காக அன்றாடத் தொழில்நுட்பத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கையில் இருக்கும் பொருட்கள் அந்த மெய்நிகர் பூமிக்குத் தீனி போடவும் செய்கின்றன, அது பலருக்குத் தெரியாது. வழி காட்டும் ஜிபிஎஸ் சிக்னல் வளிமண்டலத்தைக் கடக்கும்போது லேசாக வளைகிறது. அந்த வளைவை வேறு செயற்கைக்கோள்கள் பிடித்து, காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிடுகின்றன. உலகத்தின் பெரிய முன்கணிப்பு மையங்கள் தினமும் அதைச் சேர்த்துக்கொள்கின்றன. செல்போன் டவர்களில் மத்தளம் மாதிரி வெள்ளையாக ஒன்று கட்டியிருப்பார்களே, அது ஒரு டவர் இன்னொரு டவரோடு மைக்ரோவேவில் பேசும் ஆன்டெனா. நடுவில் மழை பெய்தால் சிக்னல் குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்து அந்த வழியில் பெய்த மழையைச் சொல்லிவிடலாம் என்று 2006இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் ஹகித் மெசர் குழு காட்டியது. நெதர்லாந்தில் நாடு முழுவதற்கும் இப்படி மழை வரைபடமே போட்டார்கள். மலைக்கு மலை டவர் நிற்கும் நீலகிரியில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று யாராவது தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டே ஆக வேண்டும்.

இருந்தாலும் இவை எதுவும் மழைமானிக்கு மாற்று ஆகாது. மழைமானி எளிய பொருள். ஒரு புனல், கீழே ஒரு பாத்திரம், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. காலை எட்டரைக்குப் போய், பாத்திரத்துத் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, சமதளத்தில் வைத்து, குனிந்து கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும். நடுவில் தாழ்ந்திருக்கும் இடத்தைத்தான் படிக்க வேண்டும். ஒரு மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். கனமழை நாளில் எட்டரை வரை காத்திருந்தால் பாத்திரம் நிரம்பி வழிந்துவிடும், இடையிலேயே போய் அளந்து எழுதிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். கொட்டும் மழையில், இருட்டில், அட்டைக்கடியோடு அதைச் செய்கிற ஆள் இல்லாவிட்டால் அந்த 82உம் 91உம் நமக்குக் கிடைத்திருக்காது.

இப்படிப் பொறுமையாக எழுதி வைப்பதன் மதிப்பு பழனி மலைத்தொடரில் இருக்கும் கோடைக்கானலுக்கு நன்றாகத் தெரியும். தாது வருடப் பஞ்சத்துக்குப் (1876–78) பிறகு, சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசு விஞ்ஞானிகளிடம் வலுத்தது. 1899இல் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். சூரியப் புள்ளியை வைத்து மழையைச் சொல்ல முடியவில்லை. பருவமழைக்கான பெரிய துப்பு, இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் 1920களில் பசிபிக் காற்றழுத்தக் கணக்கில் கண்டுபிடித்தது. ஆனால் கோடைக்கானலில் நாள்தோறும் எடுத்துவைத்த சூரியப் படங்கள், இன்று டிஜிட்டலாக மாறி உலகம் முழுக்க ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

மழைப் பதிவின் பயன் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்தது. கல்பெட்டாவில் இயங்கும் ஹியூம் மையம் அந்த மாவட்டத்தில் விவசாயிகள், தோட்டங்கள் துணையோடு 200 மழைமானி அளவுக்கு ஒரு வலையமைப்பு வைத்திருக்கிறது. பக்கத்து மழைமானியில் ஏறிய அளவைப் பார்த்து, முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது. எந்தப் பெரிய மாதிரியும் அந்தச் சரிவை அந்தத் துல்லியத்தில் காட்டவில்லை. எச்சரிக்கை வந்த பிறகு என்ன செய்வது என்பது வேறு பிரச்சினை. ஆனால் அந்தத் தகவல் இருந்தது, சாதாரண மழைமானியிலிருந்து வந்தது.

நம் பக்கமும் வெறுங்கையோடு இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, நிலச்சரிவு முன்னெச்சரிக்கைக்குச் சோதனைக் களமாக எடுத்த இரண்டு இடங்களில் டார்ஜிலிங் ஒன்று, நீலகிரி இன்னொன்று. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையே, இந்தச் சரிவில் இத்தனை நாளில் இவ்வளவு மழை சேர்ந்தால் மண் இளகும் என்ற கணக்குதான். முன்கணிப்பு மழையும் வேண்டும், பெய்து முடிந்த மழையும் வேண்டும். பெய்து முடிந்த மழை அணைக்கட்டுகளில் மின்வாரியத்தின் பதிவில் இருக்கிறது, தோட்டக்கலைப் பண்ணைகளில் இருக்கிறது, பரம்பரை பரம்பரையாகப் பதிவேடு எழுதும் தேயிலை எஸ்டேட்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலக மேசையில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருப்பவர் மேல் சரிவில் நேற்று எவ்வளவு பெய்தது என்று தெரிந்துகொள்ள, அந்த எஸ்டேட்டில் ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே கைபேசியை இப்படிப் பாருங்கள். மூன்று நாளில் வங்கக்கடலில் தாழ்வு வருகிறது, மேற்கில் காற்று வலுக்கிறது என்று சொன்னால் முழுக்க நம்புங்கள். அது மெய்நிகர் பூமிக்கு நன்றாக வருகிற பாடம். வானிலைத் துறை ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், உங்கள் ஊர்ப் பெயருக்கு நேராகச் செயலி வெயில் படம் காட்டினாலும் எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயத்துக்கு மேகதூத் செயலியில் தமிழிலேயே ஆலோசனை வருகிறது, பயன்படுத்துங்கள். மழை தொடங்கிய பிறகு திரையை விட்டுவிட்டு, சரிவில் புதிதாக ஊற்று கிளம்புகிறதா, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, சுவரிலோ மண்ணிலோ வெடிப்பு விடுகிறதா என்று பாருங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாரியம், எஸ்டேட், பண்ணை, தானியங்கிக் கருவி என்று எல்லா மழைமானியின் அளவையும், மழைக்காலத்தில் மணிக்கொரு முறை, ஒரே இடத்தில், தமிழில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். கூடலூர், பந்தலூரிலிருந்து தொடங்கலாம். வயநாட்டை ஒட்டிய சரிவுகள் அங்கேதான் இருக்கின்றன, தென்மேற்குப் பருவமழை முதலில் மோதுவதும் அந்தப் பக்கம்தான்.